செடிகள் அனுப்பும் ஸ்டாப் பேமென்ட்

எனக்கும் உயிரியலுக்கும் பத்தாம் வகுப்போடு உறவு அறுந்தது. பதினொன்றில் காமர்ஸ் எடுத்தேன், அப்புறம் பி.காம்., அப்புறம் வங்கிப் பரீட்சை, அப்புறம் ஊர் ஊராக மாற்றல். நாக்பூருக்கு வந்து இது நாலாவது வருஷம். இப்பேர்ப்பட்ட ஆசாமி செடிக்குள் ஓடும் செய்திகளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் சிரிப்புத்தான் வரும். சிரித்துவிட்டுத் தொடர்ந்து படியுங்கள். இதில் என்னை இழுத்துவிட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஆரஞ்சு விவசாயி. இன்னொருவர் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள்.

விவசாயியை முதலில் சொல்லிவிடுகிறேன். நாக்பூர், அமராவதி மாவட்டங்களில் ஆரஞ்சை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. ஜம்பேரி என்று ஒரு கரடுமுரடான எலுமிச்சை உண்டு. அதன் நாற்றையோ, ரங்பூர் எலுமிச்சை நாற்றையோ அடிச்செடியாக வளர்க்கிறார்கள். பென்சில் பருமன் வந்ததும் பட்டையைக் கீறி, நல்ல ஆரஞ்சு மரத்தின் ஒரே ஒரு மொட்டை உள்ளே செருகிக் கட்டிவிடுகிறார்கள். மொட்டு பிடித்துக்கொண்டதும் மேலே இருக்கும் எலுமிச்சையை வெட்டிவிட வேண்டியதுதான். கீழே எலுமிச்சை வேர், மேலே ஆரஞ்சு. எங்கள் பெரியகுளம் பக்கம் மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுவதைச் சின்ன வயதில் பார்த்தவன் என்பதால் இது எனக்குப் புதிதில்லை.

டெர்ம் லோனுக்காகத் தோட்டம் பார்க்கப் போயிருந்தபோது அந்த விவசாயி (எழுபதை நெருங்கியவர், ஊரே காகா என்று கூப்பிடுவதால் நானும் காகா என்றுதான் கூப்பிடுவேன்) எந்த அடிச்செடி நல்லது என்று நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "அடியில் எது இருந்தால் என்ன காகா, பழம் மேலே இருக்கிற ஆரஞ்சுதானே?" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "சாஹேப், கீழே இருப்பது மேலே இருப்பதோடு பேசும். தோல் எத்தனை தடிமன், சாறு எத்தனை இனிப்பு, எல்லாவற்றிலும் அதற்கு ஒரு சொல் உண்டு" என்றார். இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டில் 'மரங்கள் ஆரோக்கியமாக உள்ளன' என்று எழுதிவிட்டு வந்துவிட்டேன்.

அப்புறம் ஒரு ராத்திரி மகள் தன் உயிரியல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். என்.சி.இ.ஆர்.டி. பாடத்தில் புகையிலைச் செடியின் வேரைத் தின்னும் நூற்புழுவை ஆர்.என்.ஏ. குறுக்கீடு என்ற முறையால் எப்படித் தடுத்தார்கள் என்று ஒரு சின்னப் பகுதி வருகிறது. அதைப் படித்துவிட்டு, "அப்பா, வேரில் நடப்பது இலைக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். காகாவின் முகம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு ஆரம்பித்த படிப்பு, இரண்டு மாதம் தூக்கத்தைத் தின்றது.

கதை 1928-இல் ஆரம்பிக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் விங்கார்ட் என்ற தாவர நோய் ஆய்வாளர் புகையிலையைத் தாக்கும் வளையப் புள்ளி வைரஸைக் கவனித்துக்கொண்டிருந்தார். நோய் விழுந்த கீழ் இலைகளில் வளையம் வளையமாகப் புள்ளிகள், கருகல். ஆனால் அதே செடியில் பின்னால் துளிர்த்த மேல் இலைகள் பளிச்சென்று இருந்தன. அதுமட்டும் இல்லை, அந்த மேல் இலைகளில் அதே வைரஸை மறுபடி தேய்த்தாலும் நோய் வரவில்லை. கீழ் இலை பட்ட அடி, இன்னும் பிறக்காத மேல் இலைக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. செடிக்கு ரத்தம் கிடையாது, நரம்பு கிடையாது, நமக்கு இருப்பதுபோல எதிர்ப்பு அணுக்கள் கிடையாது. விங்கார்ட் கண்டதை ஒழுங்காகப் பதிவு செய்து வைத்தார். காரணம் தெரிய எழுபது வருஷம் ஆயிற்று.

அடுத்த பத்து வருஷத்துக்குள் ரஷ்யாவில் இன்னொரு விஷயம். மிகயில் சைலாக்யான் என்ற ஆய்வாளர், பகல் நீளத்தை இலை உணர்கிறது, ஆனால் பூ பூப்பது நுனியில், ஆகவே இலையிலிருந்து நுனிக்கு ஏதோ ஒன்று போகிறது என்றார். பூக்கத் தயாரான செடியை, தயாராகாத செடியோடு ஒட்டுக் கட்டினால் அதுவும் பூக்கிறது. அந்த 'ஏதோ ஒன்று'க்கு ஃபுளோரிஜென் என்று பெயரும் வைத்துவிட்டார். பெயர் இருக்கிறது, ஆள் இல்லை. எங்கள் பாஷையில் சொன்னால் சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் நிற்கும் தொகை மாதிரி. இது எப்போது கணக்குத் தீர்ந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன், அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது.

இப்போது 1990-க்கு வந்துவிடலாம். கலிஃபோர்னியாவில் ஒரு தாவரத் தொழில்நுட்ப நிறுவனம். கேரலின் நாப்போலி, ரிச்சர்ட் ஜோர்கென்சன் முதலியோர் பெட்டூனியாப் பூவின் ஊதா நிறத்தை இன்னும் அடர்த்தியாக்கப் பார்த்தார்கள். நிறம் உண்டாக்கும் வேலையில் முக்கியமான ஒரு மரபணு ஏற்கெனவே செடியில் இருக்கிறது. அதையே இன்னொரு பிரதி உள்ளே வைத்தால் நிறம் கூடவேண்டும் அல்லவா? டெபாசிட் இரண்டு மடங்கு, வட்டியும் இரண்டு மடங்கு. நியாயமான எதிர்பார்ப்பு. ஆனால் கூடுதல் மரபணு வைத்த செடிகளில் 42 சதவீதத்தில் பூ முழு வெள்ளையாகவோ, வெள்ளைத் திட்டுக்களோடோ பூத்தது. வைத்த மரபணுவும் வேலை செய்யவில்லை, ஏற்கெனவே இருந்ததும் வேலையை நிறுத்திவிட்டது. அதே வருஷம் ஆம்ஸ்டர்டாமிலும் இதையே பார்த்தார்கள்.

பெட்டூனியா விற்பனைக்கு ஆகாது. எந்த நிறுவனத்திலும் இதைத் தோல்விக் கணக்கில் எழுதி ஃபைலை மூடியிருப்பார்கள். இவர்கள் மூடாமல் கட்டுரையாக எழுதினார்கள். இந்த வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். கணக்கு ஒத்துவராதபோது வித்தியாசத்தைப் பூசி மெழுகாமல், வித்தியாசம் இவ்வளவு என்று எழுதி வைப்பது. அப்படி எழுதி வைக்காததால் மாட்டிக்கொண்டவர்களை இருபது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சில வருஷத்தில் ஒரேகானில் டோஹெர்ட்டி, லிண்ட்போ குழு வேறு பக்கமிருந்து அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. வைரஸின் ஒரு மரபணுத் துண்டைப் புகையிலைக்குள் வைத்தார்கள். சில செடிகள் முதலில் நோயில் விழுந்து, பிறகு விங்கார்ட் பார்த்த மாதிரியே மேல் இலைகளில் தேறின. தேறிய இலைகளில் வைரஸின் ஆர்.என்.ஏ. மட்டுமல்ல, உள்ளே வைத்த மரபணுவின் ஆர்.என்.ஏ. பிரதிகளும் காணாமல் போயிருந்தன. யாரோ தேடித்தேடி அழித்திருக்கிறார்கள். 1998-இல் ஹவாய் விவசாயிகளுக்குக் கொடுக்கப்பட்ட ரெயின்போ பப்பாளிகூட இந்த வழியில்தான் வைரஸிலிருந்து தப்புகிறது. அதை உருவாக்கும்போது, உள்ளே வைத்த வைரஸ் புரதம் காப்பாற்றும் என்றுதான் நினைத்திருந்தார்கள். காப்பாற்றியது ஆர்.என்.ஏ.

இங்கே ஒரு நிமிஷம் நிற்போம், என்னைப் போன்ற காமர்ஸ் ஆசாமிகளுக்காக. டி.என்.ஏ. என்பது ஸ்ட்ராங் ரூமில் இருக்கும் மூலப் பேரேடு. அது வெளியே வராது. வேலைக்கு வேண்டிய பக்கத்தை நகல் எடுத்து வெளியே அனுப்புவார்கள், அதுதான் தூது ஆர்.என்.ஏ. அந்த நகலைப் பார்த்துத்தான் புரதம் செய்யப்படும். பெட்டூனியாவில் பேரேடு பத்திரமாக இருந்தது. நகலும் எடுக்கப்பட்டது. எடுத்த நகலை யாரோ கிழித்துப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். இதற்கு மரபணு மௌனம் என்று பெயர்.

மௌனம் ஒரு செல்லுக்குள் நடந்தால் சரி. அது ஊர்விட்டு ஊர் போகுமா? இதைத்தான் 1997-இல் பிரான்ஸில் வெர்சாய் ஆய்வு நிலையத்தில் எர்வே வோஷரே குழுவினர் கத்தியை எடுத்துப் பார்த்தார்கள். நிஜமாகவே கத்தி. காகா வைத்திருப்பது போன்ற ஒட்டுக் கத்தி.

நைட்ரேட்டைச் செரிக்கும் மரபணு மௌனமாகிவிட்ட புகையிலை ஒன்று. அதன் இலை வெளிறிப்போய் இருக்கும், பார்த்தாலே தெரியும். அதை அடிச்செடியாக வைத்து, மேலே பச்சையாக நன்றாக இருக்கும் புகையிலையை ஒட்டினார்கள். மேலே இருப்பதிலும் அந்தக் கூடுதல் மரபணு உண்டு, ஆனால் அங்கே இன்னும் மௌனம் ஆரம்பிக்கவில்லை. கொஞ்ச நாளில் மேல் செடியும் வெளிறியது. கீழே இருப்பது மேலே இருப்பதோடு பேசிவிட்டது! அதோடு விடவில்லை. இரண்டுக்கும் நடுவில் சாதாரணப் புகையிலைத் தண்டு ஒன்றை, 30 சென்டிமீட்டர் வரை நீளமாக, பாலம் போல வைத்து ஒட்டினார்கள். செய்தி அந்தப் பாலத்தையும் கடந்து மேலே போனது. நடுவில் இருந்த தண்டு ஒன்றும் ஆகாமல் நின்றது. ஏனென்றால் அந்தச் செய்தி அதற்கு எழுதியது இல்லை.

அதே 1997-இல் இங்கிலாந்தின் நாரிச்சில், செயின்ஸ்பரி ஆய்வகத்தில் டேவிட் பால்கமும் அவர் மாணவர் ஒலிவியே வுவானேயும் இதைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்து காட்டினார்கள். ஜெல்லி மீனிலிருந்து எடுத்த பச்சை ஒளிரும் புரதத்தின் மரபணுவை ஒரு புகையிலைச் சாதிச் செடிக்குள் வைத்திருந்தார்கள். புற ஊதா விளக்கில் செடி முழுக்கப் பச்சையாக ஒளிரும். ஒளிர்வது நின்றுவிட்டால் பச்சையம் சிவப்பாகத் தெரியும். ஒரே ஒரு கீழ் இலையில் மௌனத்தைத் தூண்டிவிட்டார்கள். சில நாள் கழித்து விளக்கைப் போட்டுப் பார்த்தால் மேலே புது இலைகளில் நரம்புகளை ஒட்டிச் சிவப்பு, அப்புறம் நரம்புகளுக்கு நடுவிலும் சிவப்பு. சாறு போகும் பாதையில்தான் சேதி போகிறது என்பதை வரைபடம் போட்டுக் காட்டிவிட்டது செடி.

சரி, சேதி போகிறது. எது போகிறது? எந்த மரபணுவை மௌனமாக்க வேண்டும் என்ற விலாசம் அதற்குள் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் குறிப்பிட்ட மரபணு மட்டும் எப்படி அடங்கும்? விலாசம் எழுதும் எழுத்து டி.என்.ஏ.வுக்கும் ஆர்.என்.ஏ.வுக்கும்தான் உண்டு. 1998-இல் அமெரிக்காவில் ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெலோவும் ஒரு சின்னப் புழுவில் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைச் செலுத்தினால் அதே வரிசை கொண்ட மரபணு மௌனமாகிறது என்று காட்டினார்கள். தூண்டுவது எது என்று தெரிந்தது. ஆனால் செடிக்குள் வேலை செய்யும் ஆள் யார்?

1999. பால்கமும் ஆண்ட்ரூ ஹாமில்டனும் எல்லோரும் தேடாத இடத்தில் தேடினார்கள். ஆர்.என்.ஏ.க்களை ஜெல்லில் ஓடவிட்டு அளவுவாரியாகப் பிரிப்பார்கள். சின்னது வேகமாக ஓடும். ரொம்பச் சின்னது ஜெல்லின் அடி வழியாக வெளியேயே ஓடிவிடும், யாரும் கவலைப்படுவதில்லை, சிதைந்த குப்பை என்று நினைப்பு. இவர்கள் அந்தச் சில்லறையைப் பிடித்து எண்ணினார்கள். மௌனம் நடந்த செடிகளில் சுமார் 25 எழுத்து நீளமுள்ள ஆர்.என்.ஏ. துண்டுகள் இருந்தன. நடக்காத செடிகளில் இல்லை. அளவு பிற்பாடு துல்லியமாகியது: 21, 22, 24 எழுத்துகள். இரண்டு மூன்று வருஷத்தில் பொறிமுறையும் கோர்வையாக வந்தது. இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைத் துண்டு போடுவதற்கு டைசர் என்ற நொதி. துண்டை ஏந்திக்கொண்டு, அதற்குப் பொருந்தும் நகலைத் தேடிப் பிடித்து வெட்டுவதற்கு ஆர்கோநாட் என்ற புரதம்.

இந்த இடத்தில் எனக்குள் இருந்த வங்கிக்காரன் துள்ளிக் குதித்தான். இது ஸ்டாப் பேமென்ட் அல்லவா! கஸ்டமர் செக்கைத் தொலைத்துவிட்டால் நாம் செக்கைத் தேடி ஓடுவதில்லை. நம்பரை மட்டும் வாங்கிக்கொள்கிறோம். அந்த நம்பரோடு எந்தக் கவுன்ட்டரில் செக் வந்தாலும் பணம் கிடையாது. டிராஃப்ட் தாள்கள் தொலைந்தால் எல்லாக் கிளைகளுக்கும் நம்பர் போட்டு எச்சரிக்கை சர்க்குலர் போகும், வாங்கி ஃபைல் பண்ணியவர்களுக்குத் தெரியும். அந்தச் சர்க்குலரில் காசு இல்லை. நம்பர்தான் இருக்கிறது. நம்பர் போதும். நாலு விதமான எழுத்துகள், 21 இடங்கள் என்றால் எத்தனை நம்பர் போடலாம் என்று கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன். சுமார் 4 லட்சத்து 40 ஆயிரம் கோடி. ஆளை மாற்றிப் பிடிக்கும் பேச்சுக்கே இடம் குறைவு.

சர்க்குலர் எப்படிப் போகிறது? செடியில் ஒரு செல்லிலிருந்து பக்கத்துச் செல்லுக்கு நுண்ணிய வாசல்கள் உண்டு. அந்த வழியாகப் பத்துப் பதினைந்து செல் தூரம் துண்டு தானே போகும். அதற்கு மேல் போகவேண்டுமானால் இரண்டு வழி. ஒன்று, போன இடத்தில் பொருந்தும் நகல் இருந்தால் அதை வைத்தே புது இரட்டை இழை தயாரித்து, மறுபடி துண்டு போட்டு, அடுத்த பத்துப் பதினைந்து செல்லுக்கு அனுப்புவது. வட்டார அலுவலகம் ஜெராக்ஸ் எடுத்துக் கிளைகளுக்கு அனுப்புகிற மாதிரி. அதனால்தான் தூரம் போகப்போகச் செய்தி நீர்த்துப்போவதில்லை. இன்னொன்று, ஃபுளோயம் என்ற சர்க்கரைச் சாறு ஓடும் குழாயில் ஏறி, சாறு போகும் ஊருக்கெல்லாம் போவது.

ஒரு மனத்தாங்கலைச் சொல்லிவிடுகிறேன். 2006 நோபல் பரிசு ஃபயருக்கும் மெலோவுக்கும் போனது. நியாயமான பரிசு. ஆனால் பெட்டூனியாவும் புகையிலையும் அதற்கு முன்பே வழிகாட்டிவிட்டன, சிறு ஆர்.என்.ஏ.வைச் செடியில்தான் முதலில் மௌனத்தோடு சேர்த்துப் பிடித்தார்கள். பால்கமுக்கு 2008-இல் லாஸ்கர் விருது கிடைத்தது, கூடவே விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்கன். அந்த இருவருக்கும் 2024-இல் நோபல் வந்தது. 1993-இல் புழுவில் முதல் மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக் கண்டவர்கள், அதுவும் நியாயம்தான். இரண்டு தடவையும் செடிக்காரர்கள் வாசலில் நின்றார்கள். கிராமக் கிளைக்காரனுக்கு ப்ரொமோஷன் லிஸ்ட் பார்த்துப் பழக்கம் உண்டு, அதனால் எனக்கு உடனே புரிந்துவிட்டது.

போகட்டும். 1997-இல் தெரிந்தது விளைவு. தூதனைக் கையும் களவுமாகப் பிடிக்க மேலும் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. 2004-இல் கலிஃபோர்னியாவின் டேவிஸில் வில்லியம் லூகாஸ் குழு பூசணிக்கொடியை எடுத்துக்கொண்டது. பூசணித் தண்டை நறுக்கினால் ஃபுளோயச் சாறு முத்து முத்தாகத் துளிர்க்கும், சேகரிப்பது சுலபம். அந்தச் சாற்றில் சிறு ஆர்.என்.ஏ.க்கள் மிதந்தன, அவற்றைச் சுமந்து போகும் ஒரு புரதமும் கிடைத்தது. சாலையில் தபால்காரர் தென்பட்டுவிட்டார். கடிதம் யாருக்கு, அதைப் படித்து யார் என்ன செய்தார்கள் என்பது பாக்கி.

அதற்குப் பதில் 2008-இல் வந்தது, ஜெர்மனியிலும் தைவானிலும், தனித்தனியாக. இது எனக்கு ரொம்ப நெருக்கமான உதாரணம், ஏனென்றால் பாஸ்பேட் பற்றியது. டி.ஏ.பி. மூட்டைக்கு வரிசையில் நிற்கும் ஊரில் உத்தியோகம் பார்க்கிறவனுக்குப் பாஸ்பேட் என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டாம். மண்ணில் பாஸ்பேட் குறைந்தால் முதலில் தவிப்பது இலை. ஆனால் உறிஞ்சவேண்டியது வேர். சாதாரண நாளில் வேரில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. ஃபோ2 என்ற மரபணு தயாரிக்கும் நொதி, பாஸ்பேட்டை இழுத்துக் கொண்டுவரும் புரதங்களை அவ்வப்போது அழித்து, வரவை அளவோடு வைத்திருக்கும். அளவுக்கு மீறி வந்தாலும் செடிக்கு நஞ்சு. கிளையில் எவ்வளவு ரொக்கம் வைத்துக்கொள்ளலாம் என்ற லிமிட் மாதிரி.

பஞ்ச காலத்தில் இலைகள் மைக்ரோ ஆர்.என்.ஏ. 399 என்ற துண்டைத் தயாரிக்கின்றன. அது ஃபுளோயத்தில் ஏறி வேருக்கு இறங்குகிறது. வேரில் ஃபோ2-வின் நகல்களைக் கிழிக்கிறது. லிமிட் போட்டவரின் கை கட்டப்பட்டதும் வேர் பாஸ்பேட்டை இழுக்கத் தொடங்குகிறது. இதை எப்படி நிரூபித்தார்கள்? மறுபடியும் ஒட்டுக் கட்டித்தான்! அராபிடாப்சிஸ் என்ற கடுகு வகைச் செடி, விரல் நீளம்கூட இல்லாத நாற்று, அதை நுண்ணோக்கிக்குக் கீழே வைத்து வெட்டி ஒட்டினார்கள். மேலே இந்தத் துண்டை அளவுக்கு அதிகமாகத் தயாரிக்கும் செடி, கீழே சாதாரண வேர். வேரில் துண்டு வந்து சேர்ந்திருந்தது, ஃபோ2 நகல் குறைந்திருந்தது, பாஸ்பேட் குவிந்திருந்தது. அனுப்பியவர், பெற்றவர், தொகை, மூன்றும் ஒத்துப்போயின. மகள் கேட்டது வேரில் நடப்பது இலைக்குத் தெரியுமா என்று. இலையில் நடப்பது வேருக்குத் தெரியும் என்று பதில் தலைகீழாக வந்து நின்றது.

2010-இல் பால்கம் குழு (அதற்குள் அவர் கேம்பிரிட்ஜுக்குப் போயிருந்தார்) தண்டையும் வேரையும் ஒட்டிவைத்து, தண்டிலிருந்து வேருக்கு இறங்கிய சிறு ஆர்.என்.ஏ.க்களை எழுத்துக்கெழுத்துப் படித்தது. அதில் 24 எழுத்துக்காரர்கள் வேறு வேலையும் செய்தார்கள். நகலைக் கிழிப்பதோடு நிற்காமல், போன இடத்தில் மூலப் பேரேட்டிலேயே, அதாவது டி.என்.ஏ.வின் மேலேயே, ரசாயன முத்திரை குத்தி வைக்கத் தூண்டினார்கள். எழுத்து மாறுவதில்லை, ஆனால் 'இந்தப் பக்கத்தைத் திறக்காதே' என்ற சீல் விழுகிறது. ஸ்ட்ராங் ரூமுக்குள்ளேயே புகுந்த சர்க்குலர்!

இப்போது அந்த வில்லங்கம். ஃபுளோரிஜென் என்னவாயிற்று? 2005-இல் ஸ்வீடனில் ஒரு குழு, இலையிலிருந்து நுனிக்குப் போவது எஃப்.டி. என்ற மரபணுவின் தூது ஆர்.என்.ஏ.தான் என்று அறிவித்தது. ஆர்.என்.ஏ. அலை அடித்துக்கொண்டிருந்த நேரம், எல்லோருக்கும் இனித்தது. 2007-இல் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. சில தரவுகள் கணக்கிலிருந்து விடப்பட்டிருந்தன என்று குழுவினரே தெரிவித்தார்கள், முதல் ஆசிரியர் மட்டும் இதற்கு உடன்படவில்லை. அதே வருஷம் ஜெர்மனியின் கொலோனிலும் ஜப்பானின் நாராவிலும் இரண்டு குழுக்கள், பயணம் போவது அந்த மரபணு தயாரிக்கும் புரதம் என்று காட்டின. எழுபது வருஷ சஸ்பென்ஸ் தொகை, வேறு தலைப்பில் போய் உட்கார்ந்தது. செடிக்குள் ஓடும் எல்லாச் சேதியும் ஆர்.என்.ஏ. இல்லை, ஹார்மோன் உண்டு, புரதம் உண்டு, சர்க்கரைகூடச் சேதிதான்.

இன்னொரு வில்லங்கம் இதைவிடக் கசப்பு. மேலே சொன்ன ஒலிவியே வுவானே இந்தத் துறையின் நட்சத்திரமாக வளர்ந்து, 2009-இல் எம்போ அமைப்பின் தங்கப் பதக்கம் வாங்கியவர். 2015-இல் அவர் ஆய்வகத்திலிருந்து வந்த பல கட்டுரைகளில் படங்கள் ஒழுங்கற்ற முறையில் மாற்றப்பட்டிருந்தது விசாரணையில் உறுதியானது. பல கட்டுரைகள் திருத்தப்பட்டன, சில திரும்பப் பெறப்பட்டன. 2016-இல் பதக்கத்தை அந்த அமைப்பு திரும்பப் பெற்றுக்கொண்டது. இதைப் படித்த ராத்திரி எனக்குக் கோபமே வந்தது, நம்ம ஆள் ஏமாற்றிவிட்ட மாதிரி. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். வெர்சாய்க்காரர்கள் அதே 1997-இல் தங்கள் கத்தியால் தனியாகப் பார்த்தார்கள். பூசணிச் சாறு டேவிஸில். பாஸ்பேட் கோல்மிலும் தாய்பேயிலும். எங்கள் ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி, இரண்டு அதிகாரிகள் கையில். ஒருவர் சாவி சந்தேகமானால் விசாரணை வரும், ஆனால் பெட்டி காலியாகிவிடாது.

சேதி ஒரே செடிக்குள் நிற்பதில்லை என்றும் இப்போது தெரிந்துவிட்டது. இங்கே வேலிகளில் அமர்வேல் என்று மஞ்சள் நூல் மாதிரி ஒரு ஒட்டுண்ணிக் கொடி படர்ந்திருக்கும். வேர் கிடையாது, இலை கிடையாது, அடுத்த செடியின் தண்டில் ஓட்டை போட்டுக் குடித்தே வாழும். அந்த வகைக் கொடி ஒன்று, குடிக்கும்போதே தன் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை அந்தச் செடிக்குள் செலுத்தி அதன் பாதுகாப்பு மரபணுக்களின் நகலைக் கிழிக்கிறது என்று 2018-இல் பென்சில்வேனியாவில் கண்டார்கள். போலி ஸ்டாப் பேமென்ட்! சாம்பல் பூசணம் உண்டாக்கும் பூஞ்சையும் இதே வேலையைச் செய்கிறது என்பது 2013-இலேயே தெரியும். செடி சும்மா இல்லை, 2018-இல் வந்த ஆய்வின்படி அதுவும் கொழுப்புப் பைகளில் தன் துண்டுகளைப் பொட்டலம் கட்டிப் பூஞ்சைக்குள் அனுப்புகிறது.

போன மாதம் காகாவின் தோட்டத்துக்கு மறுபடி போகவேண்டி வந்தது. சாத்பாரா நகல், காப்பீட்டு ரசீது எல்லாம் வாங்கிக்கொண்ட பிறகு, வேப்பமரத்தடியில் டீ குடித்துக்கொண்டே அவரிடம் ஒப்புக்கொண்டேன். அன்றைக்கு நீங்கள் சொன்னது வெறும் பேச்சில்லை காகா, கீழே இருப்பது மேலே இருப்பதோடு பேசுகிறது, புகையிலையில் கண்ணால் பார்த்திருக்கிறார்கள் என்றேன். உங்கள் ஆரஞ்சில் தண்ணீர், உரச்சத்து, ஹார்மோன் எல்லாம் சேர்ந்து பேசும், அதில் இந்தச் சீட்டும் ஒரு வகை என்று, வெளிறிய புகையிலை, முப்பது சென்டிமீட்டர் பாலம், இலையிலிருந்து வேருக்குப் போகும் பாஸ்பேட் சீட்டு என எல்லாவற்றையும் என் அரைகுறை மராட்டியில் சொன்னேன். பாலத்துக்கு மட்டும் தலையாட்டினார். மற்றதற்கு இதில் என்ன அதிசயம் என்பது போல டீயை உறிஞ்சினார்.

கடைசியில் கேட்டார், "சாஹேப், அந்தச் சீட்டில் இனிப்பு என்று எழுதி அனுப்ப முடியுமா?"

"முடியாது காகா. அந்தச் சீட்டில் நிறுத்து என்று மட்டும்தான் எழுத முடியும்."

டம்ளரைக் கீழே வைத்தார். "அப்படியானால் புளிப்பை நிறுத்து என்று எழுதுவதுதானே?"